பீப் சத்தம் போதாது

விமான வயர் ஹார்னஸ் தயாரிக்கும் தொழிற்சாலைகளின் உற்பத்தி, தர மேலாளர்களுக்கு,

வணக்கம். பதினான்கு வருடமாக ஹார்னஸ், அதாவது விமானத்துக்குள் ஓடும் ஒயர்க் கட்டு, செய்யும் பலகை முன்னால் நிற்கிறேன். ஒயர்களை இரைச்சலிலிருந்து காக்கும் உலோக உறையான ஷீல்டை கனெக்டரோடு இணைத்து முடிப்பதற்கு நீங்கள் ஒதுக்கும் நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு ஹார்னஸ் எங்களிடம் திரும்பி வந்தது. மீட்டர் வைத்தால் பீப் என்று சரியாகவே சத்தம் கேட்டது. பேக்‌ஷெல்லைக் கழற்றினோம்; கனெக்டரின் பின்பக்க மூடி அது. ஷீல்டின் கம்பிப் பின்னலான பிரெய்டைச் சுற்றிலும் படியவிட்டு, இறுக்கும் உலோகப் பட்டையான பேண்ட் போட வேண்டிய இடத்தில், அதை முறுக்கி வாலாக்கி, ஒரு விரல் நீளத்துக்கு ஒயர் சேர்த்து ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது. செய்த பையனைத் திட்ட மனசு வரவில்லை. அன்று பேண்ட் டூல் வேறு பெஞ்சில் இருந்தது. ஆறு மணிக்குச் சரக்கு கிளம்ப வேண்டும் என்று மூன்று பேர் அவன் தலைமாட்டில் நின்றார்கள்.

மீட்டர் பார்ப்பது டிசி (நேர்மின்னோட்டம்) மட்டும். ரேடியோ அலைவரிசையில் கணக்கே வேறு. ஒயரின் ஒரு சென்டிமீட்டருக்குத் தோராயமாக 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது அலைவரிசை கூடக் கூட அதிகமாகத் தடுக்கும் தன்மை. 10 செ.மீ. வாலுக்கு 100. டிசியில் சில மில்லிஓம் காட்டும் அந்த வால், 100 மெகாஹெர்ட்ஸில் 60 ஓமுக்கு மேல் தடுக்கும். ஷீல்டு பிடித்த இரைச்சல் விமான உடலுக்கு இறங்க முடியாமல் உள்ளே போகும் சிக்னல் ஒயரில் ஏறிவிடும். விமானி கோபுரத்தோடு பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில். ரொம்ப தூரத்தில் இல்லை.

போயிங் 787 மாதிரி விமானத்தில் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை. அது மின்காந்த அலைகளை அலுமினியம் போலத் தடுக்காது. மின்னல் இறங்கும்போது ஷீல்டின் மேல்தான் அதிக பாரம்.

பிரெய்டை இழை அறுபடாமல் தளர்த்தி, பேக்‌ஷெல்லின் வரிகள்மேல் சுருக்கமில்லாமல் ஏற்றி, பேண்டை இரண்டு சுற்று சுற்றி, டூல் தானாகப் பூட்டும் வரை இழுத்து, மிச்சத்தை வெட்ட வேண்டும். ஒரு கனெக்டருக்கு எனக்கே கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணியைத் திட்டத்தில் எழுதுங்கள். பெஞ்சுக்கு ஒரு பேண்ட் டூல் வாங்கித் தாருங்கள். பேக்‌ஷெல் மூடும் முன்பே இன்ஸ்பெக்டர் வந்து கண்ணால் பார்க்கட்டும், மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. சில சர்க்யூட்டுகளுக்கு டிராயிங்கே வால் போடச் சொல்லும்; சரி, அதிகபட்ச நீளத்தையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது என் பக்கத்து பெஞ்சில்தான் இருக்கிறான். கை நல்ல கை. அவனுக்கு வேண்டியது நேரம்தான்.

இப்படிக்கு,
ஒரு ஹார்னஸ் டெக்னீஷியன், பெங்களூரு