அம்மாவின் தெரு பச்சை நிறத்தில் இருந்தது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டார். உன் மகள் மேற்படிப்பில் சேர்ந்த செய்தி கேட்டு மகிழ்ந்தேன். நீ வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் பணிக்கு மாறியது அதைவிடப் பெரிய செய்தி. கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, “வெயில் கொளுத்தும் நாளில் நான் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று உங்கள் கணக்கு சொல்லுமா?” என்று, அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

பாதிதான் சொல்லும். வெப்பத்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறோம்; யார் என்பதில்தான் தடுமாறுகிறோம். ஒரு நகரத்தின் பல ஆண்டு இறப்புப் பதிவுகளை அன்றன்றைய வெப்பநிலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஏதோ ஒரு வெப்பநிலையில் இறப்பு மிகக் குறைவாக இருக்கும். அதற்கு இரு பக்கமும் ஏறும். வெப்பம் அன்றோ மறுநாளோ ஆளைக் கொண்டுபோய்விடுகிறது. குளிரின் பாதிப்பு மூன்று வாரம் வரை இழுக்கும். 13 நாடுகளில் 384 இடங்களின் பதிவுகளை அலசி 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்த இறப்புகளில் 7.29 விழுக்காட்டைக் குளிரோடும் 0.42 விழுக்காட்டை வெப்பத்தோடும் அது தொடர்புபடுத்தியது. குளிரோடு தொடர்புடைய அந்த இறப்புகளிலும் பெரும்பகுதி கடுங்குளிரால் நேர்ந்தவை அல்ல, மிதமாகக் குளிரும் நாட்களுக்கு உரியவை. இதைக் காட்டி, பூமி சூடானால் நல்லதுதானே என்று வாதிடுபவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குளிர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதை வெப்ப அலை சில நாட்களில் மொத்தமாக எடுத்துவிடுகிறது. 2003 கோடையில் ஐரோப்பாவில் வழக்கத்தைவிட 70,000-க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தார்கள்.

அந்த வளைகோடும் கடந்த காலத்துக்கு உரியது. 2050-க்குக் கணிக்க வேண்டுமானால் வெப்பம் எவ்வளவு ஏறும், அப்போது முதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், மக்கள் வெப்பத்துக்கு எவ்வளவு பழகியிருப்பார்கள் என்ற மூன்றையும் ஊகிக்க வேண்டும். முதலிரண்டுக்கும் பிடிமானம் உண்டு. மூன்றாவதில்தான் ஒவ்வொருவர் கணக்கும் ஒவ்வொரு பக்கம் போகிறது. வெப்பமான ஊர்களில் வளைகோட்டின் அடிப்புள்ளி உயர்ந்த வெப்பநிலையில் இருப்பது உண்மைதான். ஆனால் தலைமுறைகளாக வந்த பழக்கத்தை இருபது, முப்பது ஆண்டுகளில் எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை.

யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஊரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், வயது, வருமானம், மரநிழல் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டு நிறம் தீட்டுகிறோம். ஆபத்து மிகுந்த கட்டம் சிவப்பு, குறைந்தது பச்சை. செயற்கைக்கோள் அளப்பதோ கூரையின் சூடும் சாலையின் சூடும். அறைக்குள் இருக்கும் காற்று அதற்குத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கட்டத்துக்கு ஒரு சராசரியைத்தான் தருகிறது. வசதியான தெருவில் தனியாக இருக்கும் ஒரு கிழவி அந்தச் சராசரியில் கரைந்துபோகிறாள்.

அம்மாவின் தெரு என் வரைபடத்தில் பச்சை. மரங்கள் உண்டு, மருத்துவமனை அருகில், எல்லாம் படித்த குடும்பங்கள். அவர் இருந்தது மேல்தளத்தில். அவர் மயங்கி விழுந்த அன்று இரவு பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தேன். வெளியே காற்று குளிர்ந்துவிட்டிருந்தது. சுவரில் கை வைத்தேன்; அடுப்பை அணைத்த பிறகும் சூடு ஆறாத மேடை போல இருந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அதை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. திருட்டுக்குப் பயந்து சன்னலைச் சாத்தியிருந்தார். இரத்த அழுத்தத்துக்காகத் தினமும் எடுப்பது சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை. செம்பில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. முதுமையில் தாகமும் வியர்வையும் குறையும் என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன்!

2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததும் இதுதான். லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்பத்தால் மாகாணத்தில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 விழுக்காட்டினர் கட்டடங்களுக்குள் இருந்தபோதே பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். மூன்றில் இருவர் எழுபது வயதை எட்டியவர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தார்கள். உச்சி வெயிலைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த மனிதர்களை மூடிய அறைகள் கொன்றிருக்கின்றன.

அதனால் உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நீ தானாகக் கவனிப்பவற்றை எனக்கு எழுது. எந்தத் தளம், சன்னல் திறக்கிறதா, என்னென்ன மாத்திரை, இரவில் அறை எப்படி இருக்கிறது என்கிறார்கள், கடைசியாக யார் வந்து பார்த்தார்கள். பெயரோ முகவரியோ வேண்டாம். இருபது, முப்பது வீடுகள் போதும். இவற்றில் எவை பச்சைக் கட்டத்துக்குள் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவற்றை வைத்து அடுத்த கோடைக்குள் உனக்கு ஒரு பட்டியல் தர முயல்கிறேன். தட்ட வேண்டிய கதவு இதுதான் என்று அது சொல்லாது; தட்டியதும் கேட்க வேண்டிய முதல் நான்கு கேள்விகளைச் சொல்லும்.

அம்மாவின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டோம். மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை நான் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். நேற்று உன்னை விசாரித்தார். நீ எப்போது வருவாய் என்று கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய தோழி