முடிந்துபோன பயணத்துக்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். எந்த மாதத்தில் கிளம்புவது நல்லது, விசாவுக்கு எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், எந்த மலைக்கு எந்தப் பாதை ஏற்றது என்பவற்றையெல்லாம் அதிலிருந்து குறித்து வைத்துக்கொண்டுதான், பன்னிரண்டு வயதிலிருந்து மனத்தில் சுமந்துவந்த உலகப் பயணத்தை அறுபத்தொன்றாம் வயதில் மேற்கொண்டேன். பதினொரு மாதங்கள் கிழக்குத் திசையிலேயே சென்று, பூட்டிச் சென்ற வீட்டின் கதவை மீண்டும் திறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அந்தக் கதவைத் திறந்த பிறகு ஒருவருக்கு என்ன நேர்கிறது என்பது பற்றி மட்டும் தங்கள் பக்கங்களில் ஒரு வரிகூட வாசித்த நினைவில்லை. அந்தக் குறையைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் பசிபிக் பெருங்கடல் இரண்டாக அறுபட்டு, ஒரு பாதி இடது ஓரத்திலும் மறு பாதி வலது ஓரத்திலும் கிடந்தது. வலது ஓரத்தில் முடிந்துபோகும் அந்த நீலம் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, ஆசிரியை மேசையிலிருந்த உலக உருண்டையைக் கையில் கொடுத்து, விரலை எடுக்காமல் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு பல்லாண்டுகள், இரவில் தூக்கம் வரும்வரை அந்த வழியில் சிறிது தூரம் மனத்தால் போய்வருவது என் வழக்கமாயிற்று. வேலையில் அவமானப்பட்ட நாட்களிலும், நோயுற்ற பெற்றோரின் கட்டிலருகே விழித்திருந்த நாட்களிலும் என்னைத் தாங்கியது அதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாழ்நாள் கனவு என்பதை நாம் எதிர்காலத்தைச் சேர்ந்த ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். எனக்கோ அது ஒவ்வொரு நாளும் உடனிருந்து துணை செய்த ஒன்று.

பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிழக்கு நோக்கிச் செல்பவர் ஒவ்வொரு 15 பாகைக்கும் ஒரு மணி நேரம் என்று தம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துக்கொண்டே போகிறார். அப்படித் துண்டு துண்டாக விட்டுக்கொடுத்த நேரமெல்லாம் பசிபிக்கின் நடுவே நாள் மாறும் பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரு முழு நாளாகத் திரும்பக் கிடைக்கிறது. ஆக்லாந்தில் ஒரு சனிக்கிழமை மாலை விமானம் ஏறி, தாஹிட்டித் தீவில் வெள்ளிக்கிழமை இரவு இறங்கினேன். சிறு வயதில் அறுபட்டுக் கிடந்த அந்தக் கடலின் இரு பாதிகளும் எனக்குக் கீழே இருளில் ஒன்றாகக் கிடந்தன என்பதை நினைத்து அழுதேன்.

பயணத்தின் இறுதி வாரத்தில், ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் சான்லூகார் துறைமுகத்துக்குப் போனேன். உலகை முதன்முதலில் சுற்றி முடித்த கடற்பயணத்தில், மாலுமி மெகல்லனின் 5 கப்பல்கள் 1519 செப்டம்பரில் கடலுக்குள் சென்றது அங்கிருந்துதான். தலைவர் மெகல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸ் தீவொன்றில் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற மாலுமி எல்கானோவின் தலைமையில் விக்டோரியா என்ற ஒரே கப்பல் 1522 செப்டம்பர் 6 அன்று அதே துறைக்குத் திரும்பியபோது அதில் இருந்த குழுவினர் 18 பேர். வழியில் கேப் வெர்டே தீவில் நின்றபோது, தங்கள் நாட்குறிப்பில் புதன்கிழமையாக இருந்தது கரையில் வியாழக்கிழமையாக இருப்பதைக் கண்டு அவர்கள் திகைத்தனர். மேற்கு நோக்கிச் சுற்றியதால் ஒரு நாள் அவர்கள் கணக்கிலிருந்து நழுவியிருந்தது. செவில் நகரை அடைந்ததும் அந்த மெலிந்த மனிதர்கள் வெறுங்காலுடன், கையில் மெழுகுவத்தி ஏந்தி, தேவாலயத்துக்கு நடந்து சென்றார்கள். ஆற்றங்கரையில் வெகுநேரம் அமர்ந்து நான் எண்ணியது அந்த நடையைப் பற்றித்தான். பயணம் முடிந்தது என்பதை உடலால் உணர்ந்துகொள்ள அவர்களுக்கு ஒரு சடங்கு இருந்தது.

எனக்கு வாய்த்தது விமான நிலையத்தில் பெட்டி வந்து சேரும் பட்டையருகே கால் மணி நேரக் காத்திருப்பு. கிழக்கு நோக்கிப் பறப்பவரின் உடல், புதிய நேரத்துக்குப் பழக மேற்கே செல்பவரின் உடலைவிடக் கூடுதல் நாட்கள் எடுத்துக்கொள்ளும் என்பது அறிந்ததுதான். இரண்டு வாரத்தில் என் தூக்கம் சீரடைந்தது. அதன் பிறகுதான் மற்றது தொடங்கியது. இரவில் கண்ணை மூடினால், போவதற்கு வழி இல்லை. எல்லா இடங்களுக்கும் போயாகிவிட்டது. பொலிவியாவின் உயூனி உப்புவெளியின் வெண்மையும், தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மெகல்லன் நீரிணையின் காற்றும் நினைவில் இருக்கின்றன. ஆனால் நினைவில் போய்வருவது வேறு, இன்னும் போகாத ஓர் இடத்துக்கு மனத்தில் போய்வருவது வேறு. அன்புடன் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ‘அடுத்து எங்கே?’ என்று கேட்டார்கள். துக்க வீட்டில் எவரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். என்னுடையதும் ஒரு வகைத் துக்கம் என்று சொல்லவே எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. நினைத்ததைச் சாதித்த ஒருவர் வருந்துவது நன்றிகெட்டதனம் என்று நானே என்னை ஒடுக்கி வைத்திருந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகைச் சுற்றி வந்ததற்காக எல்கானோவுக்கு மன்னர் அளித்த சின்னத்தில் ஓர் உலக உருண்டையும், ‘முதன்முதலில் என்னைச் சுற்றி வந்தவன் நீ’ என்னும் பொருள்படும் லத்தீன் வாசகமும் இருந்தன; ஆனாலும் அவர் 1525-இல் மீண்டும் கடலேறி, மறு ஆண்டே பசிபிக்கில் உயிர் நீத்தார். நிலவில் நடந்து திரும்பிய பஸ் ஆல்ட்ரின், பின்னாளில் தம்மைப் பிடித்த மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பிரெஞ்சு மாலுமி பெர்னார் மொய்தெசியேவின் செயல்தான் எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. 1968-இல் தொடங்கிய தனிமனித உலகப் பாய்மரப் போட்டியில் பரிசு பெறும் வாய்ப்பிருந்தும், அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பாமல், விலகும் செய்தியைக் கவண்கொண்டு ஒரு கப்பலின்மீது எறிந்துவிட்டு, மேலும் பல மாதங்கள் ஓட்டித் தாஹிட்டியில் போய்த்தான் கரையேறினார். இளமையில் இதைப் பித்து என்று எண்ணினேன். இப்போது அவர் கையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் அவரும் ஒரு நாள் நங்கூரம் இட வேண்டியிருந்தது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பயணப் பகுதியில் மாதம் ஒருமுறையேனும், நெடும் பயணம் முடிந்து வந்தவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். வந்து இறங்கிய வாரத்தில் அவர்களைக் கேட்க வேண்டாம். அப்போது எல்லோரும் காட்சிகளையே சொல்வார்கள். ஆறு மாதங்களேனும் கழியட்டும். எந்த நாடு அழகு என்பதை அவர்கள் எழுதத் தேவையில்லை. இத்தனை ஆண்டுகளாக இரவில் தூக்கம் வரும்வரை எதை நினைத்துக்கொண்டிருந்தார்களோ, அதன் இடத்தில் இப்போது எதை வைத்திருக்கிறார்கள் என்பதை எழுதினால் போதும். அதை அறிய நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்