நாற்பது வயதில் பசுமைத் துறைக்கு

ஆசிரியருக்கு,

நடுவயதில், சுற்றுச்சூழலைக் காக்கும் பசுமைத் துறைக்கு மாறினால் இத்தனை வருட அனுபவமும் வீண் என்று பல பொறியாளர்கள் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாய்லர் அறையிலேயே காலம் தள்ளியவருக்கு, எரிபொருள் எங்கே வீணாகிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்ரசர் லைனில் 'உஸ்' என்று காற்று கசிந்தால் அவர் காதுக்குத் தப்பாது. ஆலைகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று ஆராய்பவர்தான் எரிசக்தி தணிக்கையாளர்; அதற்கான மத்திய அரசின் தேர்வுக்கு இந்த அனுபவம்தான் பெரிய பலம். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட திருப்பூர் சாயப்பட்டறைகள், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் நிலையங்களை நம்பித்தான் இன்று ஓடுகின்றன. அங்கும் பம்பும், நீரை வடிகட்டும் மெம்பரேனும் தெரிந்தவர்கள்தான் தேவை.

சரி, சம்பளம்? ஆரம்பத்தில் குறையத்தான் செய்யும். வீட்டுக் கடன் கட்டுபவருக்கு அது பேரிடி. வேலையை விடாமலே படிக்கும்படி, அரசு பொறியியல் கல்லூரிகள் குறைந்த கட்டணத்தில் வார இறுதி வகுப்புகள் நடத்த வேண்டும்.

- ஒரு வாசகர், கோவை