பிலிம் கேமரா நடைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டம் தாமதமாகத் தொடங்கியதற்குச் செயலவை பொறுப்பாகாது. விதிப்படி வேண்டிய எண்ணிக்கை சேரவில்லை. கீழே காப்பிக்கடையில் அமர்ந்திருந்த இருவரைத் தலைவரே இறங்கிப் போய் அழைத்துவந்த பிறகுதான் எண்ணிக்கை நிறைந்தது. அவ்விருவருக்கும் நன்றி.

மாதாந்திர நடைகள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. சிங்கப்பூரின் தியோங் பாருவில் 1930களில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளைப் படமெடுத்தோம். கம்போங் கிளாம் நடை மழையால் சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தேநீர்க்கடையோடு நின்றுபோனது. தீபாவளி ஒன்றுகூடல் நடைபெற்றது. உணவு போதுமான அளவு இருந்தது.

சிராங்கூன் சாலைத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது செயலாளரின் சொந்த ஆசை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டது. சென்ற பொதுக்கூட்டத்தில் கைதூக்கி ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்கள் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தொடங்கி, சாலை முடியும் உட்ஸ்வில் சந்திப்பு வரை, ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று, கறுப்பு வெள்ளைப் பிலிமில், 50 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் வைத்துப் பதிவு செய்வதே திட்டம். பழைய கேமராக்களைப் பேரம் பேசி வாங்க நம்மில் பலர் போய்க்கொண்டிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதை நம்மில் எத்தனை பேர் முறையாகப் படமெடுத்து வைத்திருக்கிறோம்? கேட்டுப் பார்த்தேன். கிடைத்தவை பெரும்பாலும் கைபேசிப் படங்கள், அவற்றிலும் பாதி நண்பர்களின் முகங்கள்.

காலை ஏழரைக்கு வரச் சொன்னது கொடுமை என்று ஒரு புகார். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் சாலை அது. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் ஒரே சாரியில் இருக்கின்றன. காலை வெயில்தான் அவற்றின் கோபுரங்களில் நேராக விழும். எதிர்ச்சாரியில், கடைவீடுகளின் முன்னால் கூரையோடு செல்லும் ஐந்தடி நடைபாதையின் நிழலில் நின்றால், தூண்களுக்கு நடுவே கோபுரம் சட்டம் போட்டதுபோல் அமையும். பத்து மணிக்கு மேல் வந்தவர்களுக்குச் சரக்கு லாரிகள்தான் அமைந்தன. அந்த நிழலில் பழைய ஒளிமானியை நம்பினால் அது இருண்ட தூண்களையே பார்த்து ஏமாறும், கோபுரம் வெளுத்துப்போகும். அதனால்தான் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தேன். பலருடைய சீட்டு கேமராப் பையிலேயே மடித்தபடி இருக்கிறது.

கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டைச் சேர்ந்த டான் டெங் நியா வீட்டின் முன் மட்டும் எல்லோரும் கூடிவிட்டார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணக் கதவுகள்! கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத்தான் விழும் என்று அங்கேயே சொன்னேன். சுருள் சுருளாக அதே வீடுதான் வந்து சேர்ந்தது. டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வாயிலின் மேல் 25 கதிர்களோடு ஒரு சூரிய வடிவம் இருக்கிறது. கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டவை. கறுப்பு வெள்ளைக்கென்றே செய்ததுபோன்ற வேலைப்பாடு. அதை எடுத்தவர் ஒரே ஒருவர். அவர் நம் உறுப்பினரின் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், சந்தா கட்டும் வயதுகூட ஆகாதவர்.

அடுத்து, பொருளாளர் வட்டமிட்டு வைத்திருக்கும் செலவு. 100 அடிப் பிலிம் சுருள் ஒன்றை வாங்கியது உண்மை. கடையில் விற்கும் 36 படச் சுருள்களைத் தனித்தனியாக வாங்குவதைவிட இது மலிவு. முப்பது மீட்டர் நீளம், கேமராவில் போடும் சிறு பிலிம் உருளைகளான கேசட்டுகள் சுமார் 18க்கு வரும். அதை இருட்டில் லோடர் என்னும் சுற்றும் கருவியில் பொருத்தி, ஒவ்வொரு கேசட்டாகச் சுற்றியது யார் என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது. கழுவும் வேலையும் என் வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. பிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பர் திரவம் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், நம் குழாயில் வரும் தண்ணீரோ 30 பாகையை நெருங்குகிறது. பனிக்கட்டிப் பையை வாளியில் மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஏழரை நிமிடம் பிலிம் இருக்கும் டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சூடாகவே ஊற்றினால் நேரம் மிகவும் குறைந்து படம் திட்டுத்திட்டாக வரும். குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டிக்கு இடம் விட்டுக்கொடுத்த என் துணைவியாருக்கு இந்த அறிக்கையில் நன்றி பதிவு செய்யப்படுகிறது.

குழுவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா இரவல் போய் இன்னும் திரும்பவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை, அவரும் இன்று வரவில்லை. மின்கலம் ஒளிமானிக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும். ஆகவே “பேட்டரி வாங்கப் போட்டிருக்கிறேன்” என்பது காரணமாகாது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இல்லாமல் அலமாரியில் கிடந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். அதற்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது.

வரவு செலவு விவரம் பொருளாளரின் தாளில் இருக்கிறது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும்படி இல்லை. சந்தாவில்தான் பெருந்தொகை நிற்கிறது. பாதிக்கும் மேற்பட்டோர் செலுத்தவில்லை. நினைவூட்டினால், “போன வருடம்தான் கட்டினேனே” என்கிறார்கள். சந்தா ஆண்டுக்கு ஒருமுறை. ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குமேல் கொடுத்து லென்ஸ் வாங்கிய மகிழ்ச்சியைக் குழுவில் பகிர்ந்துகொண்டவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார். வாழ்த்துகள்.

அறை தந்து உதவிய சமூக மன்றத்துக்கும், தொண்டூழியர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு குவோங் வாய் ஷியூ மருத்துவமனை, மத்திய சீக்கியர் கோயில் ஆகியவற்றைக் கடந்து உட்ஸ்வில் வரை போக வேண்டியிருக்கிறது. நடக்க ஆள் வேண்டும், அடுத்த 100 அடிச் சுருளுக்குப் பணம் வேண்டும். என் முழங்கால் பழையபடி இல்லை. இந்தப் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் லோடர், டாங்க், வெப்பமானி மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். அவற்றைப் பையில் கொண்டும் வந்திருக்கிறேன். எவரும் முன்வராவிட்டால் தேநீர் இடைவேளைக்கு முன் சந்தாவை மட்டுமாவது பொருளாளரிடம் செலுத்திவிடுங்கள். காலிக் கேசட்டுகளைத் தூக்கி எறியாமல் என்னிடம் திருப்பித் தாருங்கள், அவற்றில்தான் மறுபடியும் பிலிம் சுற்ற வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கௌரவச் செயலாளர்