நாலு படிப்புக்கும் ஒரே அப்பத்தா: மதுரை மருத்துவ, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளை மாதம் ஒரு முறையாவது, வீடியோ காலில், ஒரே முதியவர் முன்னால் ஒன்றாக உட்கார வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எம்.பி.பி.எஸ். ஒருவர், நர்சிங் ஒருவர், பார்மசி ஒருவர், பிசியோதெரபி ஒருவர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு அப்பத்தா அல்லது ஒரு தாத்தா. வருடம் முழுக்க அதே ஆள்.

ஏன் என்று கேட்டால், என் கடைக்கு வரும் மஞ்சள் பைகளைத்தான் காட்ட வேண்டும். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா பையைக் கவிழ்க்கிறார். அரசாங்கம் கொடுத்த மாத்திரை அட்டையில் அம்லோடிபின் 5 மி.கி. என்ற பிரஷர் மாத்திரை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். கூடவே தனியார் டாக்டர் எழுதிய இன்னொரு பிரஷர் மாத்திரை. கம்பெனிப் பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. பொடி எழுத்தைப் படித்தால் உள்ளே இருப்பதும் அம்லோடிபின்தான். அந்த அம்மா இரண்டையும் ஒருநாள் விடாமல் போடுகிறார். அந்த மருந்தின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது டாக்டர் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அதைச் சாயங்காலம் போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து கொல்லைப்புறத்துக்கு இருட்டில் நடக்கிறார். அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். இதில் யாரும் வேலையைத் தப்பாகச் செய்யவில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒன்றைக் கண்டால் டாக்டருக்குப் போன் போடுவேன். சிலர் "நல்லவேளை சொன்னீங்க" என்பார்கள். சிலர் "எழுதினதைக் கொடுங்க, போதும்" என்று வைத்துவிடுவார்கள். அந்தப் பேச்சு படிக்கிற காலத்திலேயே ஊறிவிடுகிறது. ஒரே வளாகத்தில் ஐந்து வருடம் படித்தாலும் பார்மசிக்காரன் என்ன படிக்கிறான் என்று மருத்துவ மாணவருக்குத் தெரியாது. நர்சிங் படிக்கும் பெண்ணை அவர் முதலில் சந்திப்பதே வார்டில், "சிஸ்டர், பிரஷர் பாருங்க" என்று சொல்லும்போதுதான்.

வெவ்வேறு தொழிலுக்குப் படிப்பவர்கள் சேர்ந்து படிக்க வேண்டும், ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே விரிவாக எழுதிவிட்டது. நம் நாட்டிலும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அது மருத்துவ மாணவர்களுக்கு மட்டும். அதே குடும்பத்துக்கு மற்ற மூவரையும் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

நேரில் போவதுதானே நல்லது என்பீர்கள். போகட்டும், ஒரு முறையாவது போகத்தான் வேண்டும். ஆனால் நாலு கல்லூரி டைம்டேபிளையும் ஒத்துப்போக வைத்து, மாதாமாதம் உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ பஸ் ஏற்றிவிடுவது நடக்கிற காரியமா? போன் என்றால் முக்கால் மணி நேரம் போதும். திரையில் டாக்டரோடு பேசுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் நடத்திவரும் கிராமப் பார்வை மையங்களில், எங்கள் பெரியவர்கள் மதுரையில் இருக்கும் டாக்டரிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். போனில் கை வைத்து நாடி பார்க்க முடியாதுதான். ஆனால் மாத்திரை டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதும், வாசல்படி முழங்கால் உயரம் இருப்பதும், கொல்லைக்குப் போகும் வழியில் பல்பு இல்லாததும் வார்டில் தெரியுமா?

நடத்துகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு வீடியோ காலில் எம்.பி.பி.எஸ். மாணவர் கேள்வி கேட்க வேண்டாம், குறிப்பு மட்டும் எழுதட்டும். நர்சிங் மாணவி நடத்தட்டும். இல்லாவிட்டால் மற்ற மூவரும் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். மாணவர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துப்போகும். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் "எவம்பா பேசுறது?" என்று பெரியவர் கேட்பார், அப்புறம் வாயே திறக்க மாட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் கூப்பிடாதீர்கள்.

முதல் கேள்வி சுகர் எவ்வளவு என்பதாக இருக்க வேண்டாம். "அப்பத்தா, இந்த வருசம் என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்கச் சொல்லுங்கள். "அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்கணும்" என்பார். நாலு பேருக்கும் வேலை வந்துவிட்டது. நீர் மாத்திரையை அன்றைக்கு எந்த நேரத்துக்குப் போடலாம் என்று பார்மசி மாணவர் கேள்வி எழுப்ப வேண்டும், மருத்துவ மாணவர் அதைப் பொறுப்பு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கூட்டத்தில் எவ்வளவு தூரம் நடப்பார், கைத்தடி போதுமா என்பது பிசியோ. செருப்பு கடித்து ஆறாத புண் இருக்கிறதா என்று காலைக் காட்டச் சொல்வது நர்சிங். தனித்தனியாக உட்கார்ந்து யாராலும் இதை முடிக்க முடியாது.

மாணவர்கள் எந்த மருந்தையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது. கண்டதை ஆசிரியரிடம் சொல்ல, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். பெரியவரின் சம்மதம் இல்லாமல் ரெக்கார்டிங்கும் கூடாது.

வீடியோ கால் முடிந்ததும் அரை மணி நேரம் நாலு பேரும் தங்களுக்குள் பேச வேண்டும். என்னைக் கேட்டால் பாடமே அங்கேதான். யார் எதைக் கவனித்தார்கள், யார் யாரைப் பேசவிடவில்லை என்று ஆசிரியர் நேராகக் கேட்கட்டும். மதிப்பெண் கொடுப்பதானால் நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண். தனித்தனியாகப் போட்டால் பழைய கதைதான்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு என் கடையின் பின்னறை இருக்கிறது. வைஃபை, ஃபேன், நல்ல லைட், நாற்காலி எல்லாம் உண்டு. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது. பக்கத்து ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் சிலரும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாதம் ஆரம்பிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பெரியவர்களின் வீட்டாரிடம் நாங்களே பேசிவைக்கிறோம்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டார மருந்தாளுநர் ஒருவர்