பாப்பாவுக்கு, கப்பல் காகிதங்கள் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெங்களூரா மாங்காய் (தோத்தாபுரி என்பதும் அதுதான்) வரத்து தொடங்கிவிட்டது. காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் கம்பெனி வாசல்களில் ராத்திரியெல்லாம் டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன.

நேற்று போனில், "எல்லாம் மூணு மூணு எழுத்தா இருக்கும்மா, மனப்பாடம் பண்ணியே தலை சுத்துது" என்றாய். பாரிமுனை கப்பல் சரக்கு ஆபீசில் சேர்ந்து பத்து நாள்தானே ஆகிறது, பயப்படாதே. கூழ் கம்பெனியில் 16 வருஷம் ஏற்றுமதிக் காகிதம் தயாரித்தவள் நான். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மனப்பாடம் வேண்டாம். அந்த மூணு எழுத்தில் பலவும் இன்கோடெர்ம்ஸ், அதாவது சரக்கின் செலவும் பொறுப்பும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறுகிறது என்று சொல்லும் சொற்கள். ஒவ்வொரு சொல்லிடமும் ஒன்றை மட்டும் கேள்: இந்த இடத்தில் சரக்குக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் யார் தலையில்?

சந்தூர் தாத்தா தோப்பை நினைத்துக்கொள். சில வருஷம் வியாபாரி தோப்புக்கே வந்து, தன் ஆளை வைத்துப் பறித்து, தன் வண்டியில் கொண்டுபோவார். அதுதான் எக்ஸ் ஒர்க்ஸ். சில வருஷம் தாத்தாவே வாடகை டெம்போ பிடித்து கம்பெனி வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பார். வழியில் வண்டி கவிழ்ந்தால் நஷ்டம் அவருக்கு. அது டி.ஏ.பி. (டெலிவர்டு அட் பிளேஸ்) மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கை மாறுகிறது என்பதைத்தான் மற்ற சொற்களில் பெரும்பாலானவை சொல்கின்றன. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை 1936இல் இவற்றை முதலில் தொகுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, மொத்தம் 11 சொற்கள். ஒப்பந்தத்தில் வெறும் எஃப்.ஓ.பி. என்று யாராவது எழுதினால் விடாதே. ஊர்ப் பெயரும் பதிப்பும் சேர்ந்து, 'எஃப்.ஓ.பி. சென்னை, இன்கோடெர்ம்ஸ் 2020' என்று இருக்க வேண்டும்.

எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு) என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை நம் பொறுப்பு. நாங்கள் கூழை 215 கிலோ டிரம்களில் அடைத்து, 20 அடி கன்டெய்னருக்கு 80 டிரம் வைத்து அனுப்புவோம். அந்தக் கன்டெய்னரைத் துறைமுக யார்டில் ஒப்படைத்த பிறகு நம்மால் அதைத் தொடக்கூட முடியாது. ஆனாலும் கப்பல் வரும் வரை அங்கே ஏதாவது ஆனால் நஷ்டம் நமக்குத்தான். அதனால்தான் கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (ஃப்ரீ கேரியர்) பொருத்தம் என்று அந்தச் சபையே சொல்கிறது. அதில் கப்பல்காரரிடம் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடிகிறது. இங்கே பலர் பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சி.ஐ.எஃப். (காஸ்ட், இன்சூரன்ஸ், ஃப்ரெய்ட்)தான் ஆளை ஏமாற்றும். கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நாம் கட்டுவதால் அந்தத் துறைமுகம் போய்ச் சேரும் வரை நம் சரக்கு என்று தோன்றும். அப்படி இல்லை. செலவுதான் அங்கே வரை நமக்கு. பொறுப்பு இங்கே கப்பலில் ஏறியதும் வாங்குபவருக்குப் போய்விடுகிறது. ஒரு சீசனில் ஜெட்டாவுக்குப் போன லோடில் 14 டிரம் நசுங்கிக் கூழ் புளித்துவிட்டது என்று வாங்கியவர் பணத்தைப் பிடித்துக்கொண்டார். கப்பலில் ஏறும்போது டிரம்கள் நன்றாகத்தான் இருந்தன. முதலாளியும் சி.ஐ.எஃப். தானே, நம் தப்புதான் என்று விட்டுக்கொடுத்தார். கப்பலில் ஏறியதோடு பொறுப்பு நம்மை விட்டுப் போய்விட்டது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்சூரன்ஸும் கைகொடுக்கவில்லை. சி.ஐ.எஃப்.க்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பான 'சி' கிளாஸ் (பிரிவு) பாலிசி எடுத்தால் போதும் என்பது விதி. கப்பல் மூழ்கினால், மோதினால், தீப்பிடித்தால் அதில் பணம் வரும். கையாளும்போது நசுங்கினால், திருடு போனால் வராது. எல்லாவற்றுக்கும் வேண்டுமானால் 'ஏ' கிளாஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்), அதாவது காகிதம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித்தரும் உறுதி. அதைப் பற்றி எழுதும்போது இன்னும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. வங்கி சரக்கைப் பார்க்காது பாப்பா, காகிதத்தைத்தான் பார்க்கும். எல்.சி.யில் 'அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்த) தோத்தாபுரி மாங்கூழ்' என்று இருந்ததை நான் இன்வாய்ஸில் 'தோத்தாபுரி மாங்கூழ்' என்று அடித்துவிட்டேன். ஒரு சொல்தான் விட்டுப்போனது. வங்கி முரண்பாடு என்று எழுதிவிட்டது. கப்பலோ நடுக்கடலில். அந்த நேரம் பார்த்து அங்கே விலை இறங்கியிருந்தது. வாங்குபவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைத்தார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம் எல்.சி.யைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடாமல் ஒரு காகிதமும் வெளியே விட்டதில்லை. நீயும் அப்படியே செய். சரக்கு ஏறிய 21 நாளுக்குள் காகிதம் வங்கிக்குப் போயாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எல்.சி.யே வேறு கெடு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கை வெறும் ரசீது என்று நினைத்துவிடாதே. அது நிலப்பத்திரம் மாதிரி. 'டு ஆர்டர்' என்று போட்ட அசல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரக்கைக் கேட்க முடியும். வழக்கமாக மூன்று அசல் தருவார்கள். ஒன்றைக் காட்டி சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. அசல் போய்ச் சேரத் தாமதமானால் கன்டெய்னர் அங்கே துறைமுகத்திலேயே கிடக்கும். இலவச நாட்கள் முடிந்ததும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். வெளியே எடுத்த பிறகு காலிப் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்தால் அது டிடென்ஷன்.

ஜெனரல் ஆவரேஜ் என்ற சொல்லையும் ஒருநாள் பார்ப்பாய். இங்கே அதற்குச் சராசரி என்று அர்த்தமில்லை. புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவர் சரக்கைக் கடலில் எறிந்தால், பிழைத்த சரக்குக்காரர் எல்லோரும் அந்த நஷ்டத்தைப் பங்கிட வேண்டும் என்ற மிகப் பழைய கடல் வழக்கம் அது. 2021 மார்ச் 23இல் சூயஸில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றதே, அதன் உரிமையாளர்கள் இதைத்தான் அறிவித்தார்கள். அதில் 18,000க்கும் மேல் கன்டெய்னர்கள். கப்பலை எகிப்து ஜூலை வரை விடவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் சரக்கு ஏற்றியவர்கள் தன் சரக்குக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும் ரொக்கம் கட்டினால்தான் எடுக்க முடியும். சின்ன வியாபாரி உன்னிடம் வந்து இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்டால், கொஞ்சம் உட்காரவைத்து இதைச் சொல்லு.

சரி, ஒரு வேலையும் இருக்கிறது. பெரியப்பா மகன் இந்த சீசனில் முதல் முறையாக ஜெட்டாவுக்கு ஒரு கன்டெய்னர் அனுப்பப் போகிறான். அவர்கள் சி.ஐ.எஃப். விலை கேட்கிறார்கள். 20 அடிக்கு இப்போது சென்னையிலிருந்து கூலி எவ்வளவு, 'ஏ' கிளாஸ் எடுத்தால் 'சி'யைவிட எவ்வளவு கூடும் என்று விசாரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு. அதுவரை விலை சொல்லாதே என்று அவனை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
கிருஷ்ணகிரி