நாட்டுக் கருவேலத்தை அடையாளம் காட்டியவர்களுக்கு

பண்ணையை நடத்திவரும் அண்ணனுக்கும் அண்ணிக்கும், தங்க இடம் கொடுத்த ஆச்சிக்கும், கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கும் ஐயாவுக்கும், ஊரார் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இயற்கைப் பாதுகாப்புப் பயிற்சிக்காகக் கடந்த ஆடி மாதம் கோவையிலிருந்து கிளம்பி, திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடையே உள்ள இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சி முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட மனம் வரவில்லை. ஏனெனில் நான் இங்கே வேரூன்றியது முதல் சில வாரங்களில் நீங்கள் செய்த உதவியால்தான்.

வந்த மூன்றாம் நாள் சீமைக் கருவேல முள் குதிகாலில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஆச்சி என்னை வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில் உட்காரவைத்து, காலைத் தம் மடியில் தூக்கி வைத்து, ஊக்கைத் தீயில் காட்டி, அரை மணி நேரம் பொறுமையாகக் கிளறி அந்த முள்ளை எடுத்தார்கள். "எடுத்தாச்சு, பாரு" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது அது அரிசி அளவுகூட இல்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும், நான்கு பக்கக் கூரையிலிருந்தும் அதே வளவில் விழுந்த தண்ணீரைக் கிடாரங்களில் பிடிக்கவும், குடிநீர் ஊருணிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது என்பதை மறவாமல் இருக்கவும் ஆச்சிதான் எனக்குப் பழக்கினார்கள். மழைநீர் சேமிப்பைப் பாடமாக மட்டுமே படித்திருந்த எனக்கு அது ஒரு வீட்டின் அன்றாட வேலையாகத் தெரிந்தது அன்றுதான்.

ஆடு மேய்க்கும் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. கண்மாய் உள்வாயில் சீமைக் கருவேலக் கன்றுகளை அகற்றும் வேலையில், அவசரத்தில் நாட்டுக் கருவேலக் கன்றுகளையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டிருந்தேன். ஐயா கோபப்படவில்லை. வாடிக் கிடந்த ஒரு கன்றை எடுத்து, "நீளமா வெள்ளை முள்ளு, பொடிப்பொடியா இலை, இது நம்ம மரம் தாயி" என்றார். பிறகு மரத்தடிக்கு அழைத்துப்போய், மணி கோத்ததுபோல் இடையிடையே நெரிந்திருக்கும் நாட்டுக் கருவேலங்காயையும், வெளிறிய மஞ்சளாய் நீண்டிருக்கும் சீமைக் கருவேலங்காயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும் என்பதையும், அதன் காயைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியேதான் விதை பரவுகிறது என்பதையும் அவர் வாயால் கேட்டேன். கோடையில் தம் ஆடுகளுக்கு அந்தக் காய்தான் தீனி என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. ஆகவே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அழிக்கக் கூடாது, நாட்டு மரம் எழ எழச் சீமைக் கருவேலத்தை எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது அவரால்தான்.

பிடுங்கிய கன்றுகளின் அருமை தீபாவளியன்று இன்னும் உறைத்தது. அண்ணன் எங்களைக் கொள்ளுக்குடிப்பட்டிக்கு அழைத்துச் சென்றார். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அங்குள்ள வேட்டங்குடி கண்மாய்களில், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. அந்தப் பறவைகளுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்துவரும் அவ்வூர் மக்களுக்கு, அன்று வாசலில் நின்றபடி சொன்ன நன்றியை இங்கே எழுத்திலும் சொல்கிறேன்.

நான் செய்த தவற்றை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டாத அண்ணனுக்கும், மழை நாட்களில் சுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்ணிக்கும், வரப்பில் பனங்கொட்டை ஊன்றக் கூட வந்த சக பயிற்சியாளர்களுக்கும் என் நன்றி.

நான் பிடுங்கியதற்கு ஈடாக, ஐயா பொறுக்கித் தந்த விதைகளிலிருந்து முளைத்த நாட்டுக் கருவேல நாற்றுகளைக் கார்த்திகையில் கண்மாய் ஓரம் நட்டோம். அவை முழங்கால் உயரம் வரும்வரை ஐயா தம் ஆடுகளைத் தெற்குக் கரைக்கே ஓட்டிப் போகிறார்.

நன்றியுடன்,
பண்ணையில் தங்கிப் பயிலும் உங்கள் வீட்டுப் பெண்